கருவி செய்த கை: அன்னா மணியும் பெங்களூரு வானமும்



பொறியியலும் தொழில்முனைவும் அறிவியல் கல்வியும் ஒன்றாகக் கலந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், அவர் பெங்களூருவோடு ஒட்டியவராகவும் இருக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளையின் செயலாளர் கேட்டுக்கொண்டார். கேட்ட மாத்திரத்தில் என் மனத்தில் வந்து நின்றவர் அன்னா மணி. அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர்; படித்தது இயற்பியல். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செய்தது கருவி. பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும் கருவி, வெயிலை அளக்கும் கருவி, காற்றை அளக்கும் கருவி. ஓய்வு பெற்ற பின் இதே பெங்களூருவில் சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அங்கேயும் கருவிதான் செய்தார்.

நான் அளவுக் கருவிகளோடு முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். பிறந்தது கோலார் தங்கவயல். என் தகப்பனார் இறங்கிய சுரங்கங்களின் பக்கத்திலேயே, சாம்பியன் ரீஃபில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பிடித்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. நான்கூடக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நடக்கும் அறிவியலைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லாமல் விடுகிறோமே என்ற வருத்தம் அன்று முதல் எனக்கு உண்டு. இந்தச் சொற்பொழிவுக்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

முதலில் பலூனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்திய வானிலைத் துறையின் நிலையங்களிலிருந்து காலையும் மாலையும் ஒரு வெள்ளை ரப்பர் பலூன் மேலே எழும்புகிறது. சென்னைக்காரர்களுக்கு மீனம்பாக்கம் நிலையம் தெரிந்திருக்கும். உலக நேரப்படி 0 மணி, 12 மணி. நம் கடிகாரத்தில் காலை 5.30, மாலை 5.30. அந்த நேரத்தையொட்டியே உலகெங்கும் பல நூறு நிலையங்களில் பலூன்கள் ஏறுகின்றன. போர் நடக்கும் நாடும் அனுப்புகிறது, எதிரி நாடும் அனுப்புகிறது, அளவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. மனித குலம் ஒழுங்காகச் சேர்ந்து செய்யும் வேலைகளில் இது ஒன்று என்பது என் கருத்து.

பலூனுக்குக் கீழே நீளக் கயிற்றில் தொங்கும் சின்னப் பெட்டிதான் ரேடியோசோண்ட். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலையில் தரைக்குச் சொல்லிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைந்து பலூன் பருக்கும். புறப்படும்போது ஓர் ஆள் உயரம் இருந்தது, 30 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அறை அளவுக்கு வீங்கி வெடித்துவிடும். ஒன்றரை மணி நேர ஆயுள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெட்டி பொய் சொன்னால் அன்றைய வானிலைக் கணிப்பில் பொய் கலக்கும். இந்த இடத்தில்தான் அன்னா மணியின் கதை தொடங்குகிறது.

1918 ஆகஸ்ட் 23 அன்று திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். தந்தை கட்டடப் பொறியாளர், ஏலக்காய்த் தோட்டமும் வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. அந்தக் குடும்ப வழக்கப்படி எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு போட வந்தபோது, தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வாங்கிக் கொடுங்கள் என்று கேட்ட குழந்தை. பெரியார் சிறை சென்றாரே, அந்த வைக்கம் போராட்டம் அதற்குச் சற்று முன்புதான் நடந்தது. காந்தியடிகள் 1925-ல் வைக்கம் வந்தார். அதன் தாக்கத்தில் கதர் உடுத்தத் தொடங்கியவர்களில் இந்தச் சிறுமியும் ஒருவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் இயற்பியலில் ஆனர்ஸ் முடித்தார். 1940-ல் உதவித்தொகை பெற்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அப்போதுதான் பெங்களூரு வானத்தில் வேறொரு பலூன் கூட்டம் ஏறி இறங்கியிருந்தது. 1939–40 குளிர்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன், நெஹர், பிக்கரிங் என்ற இரண்டு துணைவர்களோடு இந்தியா வந்தார். ஆக்ரா, பெஷாவர், பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களிலிருந்து கைகர் எண்ணிகளையும் சிறிய வானொலி அனுப்பிகளையும் பலூனில் கட்டி விட்டார்கள். விண்வெளியிலிருந்து பாயும் துகள்களான காஸ்மிக் கதிர்களை அளப்பது நோக்கம். பெங்களூரு எதற்கு? பூமியின் காந்த நடுக்கோடு இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. அங்கே காந்தப்புலம் வேலிபோல நின்று, வலுக்குறைந்த துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும். மிக வலுவானவை மட்டுமே உள்ளே வரும். ஊரின் இருப்பிடமே ஒரு சல்லடை. அந்த மூவரில் இளையவரான வில்லியம் பிக்கரிங்தான் பின்னாளில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநராகி, 1958-ல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளை அனுப்பிய தலைவர்களில் ஒருவரானார். பலூனில் எடை குறைத்துக் கருவி கட்டிப் பழகிய கை, பிறகு விண்கலத்தில் அதே வேலையைச் செய்தது. போரினால் இங்கிலாந்து திரும்ப முடியாமல் இயற்பியலாளர் ஹோமி பாபாவும் அந்த ஆண்டுகளில் இங்கேதான் இருந்தார். அவர் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945-ல் இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் தொடங்கித்தான் பம்பாய் சென்றது. அதன் பலூன் தளம் இப்போது ஹைதராபாத்தில். 2005 ஏப்ரலில் அங்கிருந்து ஏறிய ஒரு பெரும் பலூன், அடுக்குவளி (ஸ்ட்ராடோஸ்பியர்) உயரத்திலிருந்து கொண்டுவந்த காற்றில் அதுவரை அறியாத மூன்று பாக்டீரியா இனங்கள் கிடைத்தன. ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், ஒன்றுக்கு வானியலாளர் பிரெட் ஹாயிலின் பெயர்.

ராமனின் கூடத்தில் அன்னா மணிக்குக் கிடைத்த வேலை மாணிக்கமும் வைரமும். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் உறிஞ்சலையும் படம் பிடிக்க வேண்டும். ஒரு தட்டில் ஒளி பதிய 15 மணி நேரம், 20 மணி நேரம் ஆகும். வைரம் நீர்ம வாயுவின் குளிரில் இருக்கும். அதை விட்டு நகர முடியாது. பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கினார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். அன்று பட்டம் வழங்கும் அதிகாரம் சென்னைப் பல்கலைக்கழகத்திடம். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஆனர்ஸ் பட்டமும் ஐந்து கட்டுரைகளும் கையில் இருந்தும் மறுத்தார்கள். பைண்டு செய்த அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது. அது அநியாயம் என்பதை இந்த மேடையில் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். அவரோ அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு உட்காரவில்லை.

1945-ல் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. கிடைத்த இடம் வானிலைக் கருவிப் பயிற்சி. அதையே எடுத்துக்கொண்டார். 1948-ல் திரும்பி வந்து, எஸ். பி. வெங்கடேஸ்வரன் பொறுப்பில் இருந்த பூனா வானிலைக் கருவிப் பிரிவில் சேர்ந்தார். சுதந்திரம் பெற்ற நாடு அப்போது சாதாரண வெப்பமானியைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரன் அதை மாற்றப் பட்டறை ஏற்படுத்தினார். அன்னா மணி ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தி, உற்பத்திக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அந்தப் பிரிவுக்கே தலைவரானார்; அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள்.

தவறான அளவு, அளவே இல்லாததைவிடக் கேடு என்பது அவருடைய கொள்கை. இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். காற்றாலையில் கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இருக்கும். உங்கள் காற்றுவேகமானி பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டினால், ஆற்றல் கணக்கில் 33 சதவீதம் கூடிவிடும். கடன் வாங்கிக் காற்றாலை நிறுத்தியவன் அந்த மூன்றில் ஒரு பங்கை எங்கே போய்த் தேடுவான்? காற்றுவேகமானியின் கிண்ணங்கள் சுழலும் அச்சில் தூசி ஏறினால் வேகம் குறைந்து காட்டும். அப்போது நல்ல இடத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவோம்.

ஓசோன் சோண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். என் பார்வையில் அவர் செய்த கருவிகளில் அழகானது அது. பலூனில் போகும் பெட்டிக்குள் ஒரு சிறு பம்பு. அது வெளிக்காற்றை உறிஞ்சி, பொட்டாசியம் அயோடைடு கரைசல் வழியாகக் குமிழ்விடும். காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் அயோடின் பிரியும். அந்த அயோடின் மின்வாயில் மாறும்போது மின்னோட்டம் பிறக்கும். ஓர் ஓசோன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வரும் அந்த மின்னோட்டம்தான் ஓசோனின் அளவு. கேட்க எளிது. பம்பில் துளி அழுக்கு இருந்தால் ஓசோன் வழியிலேயே அழிந்துபோகும். நம் வெப்ப மண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரியைத் தொடும். அங்கே கரைசல் உறையாமல் இருக்க வேண்டும், ரப்பர் பலூனும் விறைத்து உடையாமல் இருக்க வேண்டும். 1960-களில் இதை இந்தியாவிலேயே செய்து பறக்கவிட்டார். ஓசோன் சோண்டு செய்யத் தெரிந்த மிகச் சில நாடுகளில் ஒன்றாக நம்மை நிறுத்தினார். 1985-ல் அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டை உலகத்தை உலுக்கியபோது, நம்மிடம் நாமே செய்த கருவியும் நாமே எடுத்த பழைய அளவுகளும் இருந்தன.

நம் வானத்தின் இந்தக் கடுங்குளிரை உலகுக்குச் சொன்னவரும் நமக்கு அண்டை ஊர்க்காரர்தான். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ராமனோடு வேலை செய்த கே. ஆர். ராமநாதன். அவருக்கு முன்பே பிரான்சில் தெய்செரங்க் தெ போர் பலூன்களை விட்டு அடுக்குவளியைக் கண்டறிந்து 1902-ல் அறிவித்தார். உயரே ஓர் எல்லைக்குமேல் குளிர் கூடுவது நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. ராமநாதன் ஆக்ரா பலூன் அளவுகளையும் மற்ற நாட்டு அளவுகளையும் சேர்த்து 1929-ல் காட்டியது இன்னும் வியப்பு: அந்த எல்லை துருவத்தில் தாழ்வாகவும், நடுக்கோட்டில் மிக உயரமாகவும் இருக்கிறது, சூடான நம் பூமிக்கு மேலேதான் அந்த உயரத்தில் மிகக் கடும் குளிர் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் நின்று மேலே பார்த்தால் பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் மைனஸ் 80.  இதைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

1963-ல் தும்பா ஏவுதளத்துக்காக விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி வானிலைக் கூடமும் கருவிக் கோபுரமும் அமைத்தார் அன்னா மணி. 1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பிறகு மூன்று ஆண்டு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் வருகைப் பேராசிரியர். முப்பது ஆண்டுக்கு முன் பட்டம் இல்லாமல் விட்டுப்போன அதே பெங்களூரு. நாட்டின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளை 1980-லும் 1981-லும் இரண்டு பெரிய நூல்களாகத் தந்தார். எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பணியை முன்நின்று நடத்தினார். முப்பந்தலில், ஆரல்வாய்மொழியில், கயத்தாற்றில் பேருந்து ஜன்னல் வழியாகக் காற்றாலைகளைப் பார்க்கும்போது, கம்பம் நட்டுப் பல மாதம் காற்றை அளந்தவர்களையும் மனக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதில்தான் நிறுவனம். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய பெங்களூருவில் ஒரு சிறு பட்டறை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு மாலை நடை போகும் வயதில், அளவுத்திருத்தச் சான்றும் கொள்முதல் ஆர்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுக்குத் தேவையான கருவி சந்தையில் சரியாகக் கிடைக்காவிட்டால் நாமே செய்துவிட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தொழில்முனைவு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியாது. 1994-ல் பக்கவாதம் வந்தது. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பலூன் என்றால் பிள்ளைகளுக்கு ஆசை. ஹொசகோட்டேயில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து அதன் ஆய்வுக்குழு புற ஊதாக் கருவிகளைப் பலூனில் அனுப்பி வந்திருக்கிறது. சென்னையில் மாணவர்களைக் கொண்டு ஹீலியம் பலூன் விடும் அமைப்புகளும் உண்டு. நல்லது. ஆனால் பலூன் ஏறுவதைப் படம் பிடித்து மாலை போட்டு முடித்துவிடும் நிகழ்ச்சிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் கற்றது என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

அந்தத் தவற்றை நானும் செய்தேன். ஓசூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. அனுமதி வாங்கி, மைதானத்தில் கயிறு கட்டிய பலூனை 60 மீட்டர் ஏற்றினோம். கீழே ஒரு வெப்பமானி, மேலே ஒன்று. மேலே இரண்டு டிகிரி குறைவு. உயரே போனால் குளிரும் என்று பாடத்தில் இருப்பது கண்ணெதிரே தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பலூனை இறக்கி இரண்டு வெப்பமானிகளையும் ஒரே பெஞ்சில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "சார், இங்கயும் ரெண்டு டிகிரி வித்தியாசம் காட்டுதே" என்றாள். 60 மீட்டருக்கு எதிர்பார்க்க வேண்டியது அரை டிகிரிதான். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ள நான் அதைச் சரிபார்க்காமல் ஏற்றிவிட்டேன். அன்று எழுதிய எண்களை அவர்கள் முன்னாலேயே கரும்பலகையிலிருந்து அழித்தேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடியும் போனோம். முந்தைய நாள் பிள்ளைகள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் போட்டு, வெப்பமானிகளை அதில் முக்கி, கால் மணி நேரம் பொறுத்திருந்து, எது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டார்கள். விடியற்காலை ஆறரைக்குப் பலூன் ஏறியது. மூடுபனி. திருத்தம் போட்டுப் பார்த்தால் மேலே ஒன்றரை டிகிரி கூடுதல்! கருவி மறுபடியும் தப்பு என்று முடிவு கட்டினான் ஒருவன். அந்தப் பெண் பலூனை இறக்கச் சொன்னாள். மேலிருந்த வெப்பமானியைக் கீழேயும் கீழிருந்ததை மேலேயும் மாற்றிக் கட்டினாள். மறுபடியும் மேலேதான் சூடு. இரவெல்லாம் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றையும் குளிர்வித்திருக்கிறது. அதனால்தான் பனி கீழேயே தங்கியது, பக்கத்துச் செங்கல் சூளைப் புகையும் மேலே போகாமல் படுத்துக் கிடந்தது. ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழானது. வெப்பத் தலைகீழ்மை என்ற பாடப்புத்தகச் சொல்லை நான் சொல்வதற்குமுன் அவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

அந்த நாளில் ஆன செலவில் பெரும்பகுதி ஹீலியம் சிலிண்டருக்கு. பாடமோ ஐஸ் டம்ளரில் நடந்தது. அன்னா மணி பூனாவில் 121 பேருக்குக் கற்றுக்கொடுத்ததும் இதையேதான்.

இந்த அவையில் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் பட்டறை வைத்திருப்பவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் சரிபார்த்த வெப்பமானி இருக்கிறது, வெர்னியர் இருக்கிறது, சால்டரிங் பிடிக்கத் தெரிந்த கை இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் இதில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் பட்டறையில் இருபது பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். அவர்களே ஒரு கருவி செய்யட்டும், அது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பலூனை அதற்குப் பிறகு ஏற்றலாம். அறக்கட்டளையின் இந்த ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை முதல் ஐந்து பள்ளிகளுக்கு வெப்பமானி வாங்க ஒதுக்கும்படி நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன். இன்று எனக்கு அளிக்கும் மதிப்பூதியத்தையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். பட்டறையைத் திறந்துவிட மனமுள்ளவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.